இருபத்தொன்பதாம் நம்பர் சாலை

அமெரிக்காவுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் நயாகராவைப் பற்றி எழுதிவிட்டார்கள். நியூயார்க்கின் வானளாவும் கட்டடங்களைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு சாலைதான். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

வாஷிங்டன் நகரிலிருந்து தென்மேற்கே புறப்பட்டு, வர்ஜீனியா மாகாணத்தின் வழியாக லிஞ்ச்பர்க் என்ற ஊருக்குப் போய்ச் சேருகிறது இருபத்தொன்பதாம் நம்பர் சாலை. சுமார் 180 மைல். பாதி வழிக்கு மேல் வலது கைப்பக்கம் மலைத்தொடர் ஒன்று நீலமாகப் படுத்துக் கிடக்கும். அதன் பெயரே நீல வரை. நம் நீலகிரிக்கு ஏதோ ஒரு வழியில் உறவு போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சாலையில் நான் போனதற்கு ஒரு காரணம் உண்டு. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் கல்லூரிச் சிநேகிதியிடம் ஒரு நாள் காலைக் காப்பியின்போது, "ஏனடி, இந்த நாட்டில் தேர்தல் வந்தால் எல்லோரும் பைபிளைத் தூக்கிக்கொள்கிறார்களே, அது எதனால்?" என்று கேட்டுவிட்டேன். அவள் தோசைத் திருப்பியை வைத்துவிட்டு, "இதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. இரண்டு நாள் லீவு போடுகிறேன், காரில் ஏறு" என்றாள். மதத்தையும் அரசியலையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் தோசை தீய்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

முதலில் ஒரு வார்த்தையைச் சரிசெய்துகொள்வோம். அங்கே 'இவாஞ்சலிக்கல்' என்று ஒரு சாராரைச் சொல்லுகிறார்கள். நாம் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பைபிளே முடிவான பிரமாணம். ஒவ்வொருவரும் தாமாக மனம் திரும்பி யேசுவை ஏற்கவேண்டும். அந்த நற்செய்தியைப் பிறருக்கும் சொல்லவேண்டும் - இவை அவர்களுடைய கொள்கையின் சாரம். மனம் திரும்பியவரை 'மறுபடியும் பிறந்தவர்' என்பார்கள். நம் வீட்டில் மறுபிறவி என்றால் சங்கதி வேறு. அங்கே இந்தப் பிறவியிலேயே அது நடந்துவிடுகிறது. அமெரிக்காவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்த வகையினர். பில்லி கிரஹாம் என்ற பிரசங்கியின் பெயரை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். 1956-ல் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்து பெருங் கூட்டங்களில் பேசியவர் அவர்தான்.

வழியில் முதலில் வந்தது கல்பெப்பர். செங்கல் கட்டடங்களும், ஒரு ரயில் நிலையமும், அடக்கமான கடைத்தெருவுமாக இருக்கும் சிற்றூர். இங்கே காப்பி சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றும். அப்படிப் போனால் கதையின் ஆரம்பத்தையே விட்டவர்களாவோம்.

வர்ஜீனியா இங்கிலாந்துக்கு அடங்கியிருந்த காலம். இங்கிலாந்துத் திருச்சபைதான் அரசாங்க மதம். யார் எதை நம்பினாலும் அந்தச் சபைக்கு வரி கட்டியாக வேண்டும். அப்போது பாப்டிஸ்டுகள் என்று ஒரு கூட்டம் தோன்றியது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தண்ணீரில் முழுக்கித்தான் கொடுக்கவேண்டும் என்றார்கள். அவர்களுடைய பிரசங்கிகள் பெரும்பாலும் படிப்பு அதிகமில்லாத குடியானவர்கள். சர்க்கார் அனுமதிச் சீட்டு வாங்காமலே மரத்தடியில் நின்று பிரசங்கம் செய்தார்கள். விளைவு, 1768-லிருந்து டஜன் கணக்கில் சிறைக்குப் போனார்கள்.

கல்பெப்பர் சிறையில் அடைக்கப்பட்டவர்களில் ஜேம்ஸ் அயர்லண்ட் என்பவர் ஒருவர். அவர் கம்பி ஜன்னல் வழியாகவே பிரசங்கம் செய்தார். வெளியே நின்று கேட்டவர்கள்மேல் குதிரையை ஏவினார்கள். கேட்க வந்த அடிமைகளுக்குச் சவுக்கடி. உள்ளே கந்தகத்தையும் மிளகாயையும் கொளுத்தி அவரை மூச்சுத் திணற வைக்கப் பார்த்தார்களாம். இவ்வளவையும் தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். மனிதருக்கு ஹாஸ்யம் போகவில்லை. சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் விலாசம், 'கல்பெப்பரில் உள்ள என் அரண்மனை' என்று இருக்கும்.

அதே சுற்று வட்டாரத்தில் ஜேம்ஸ் மாடிஸன் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் இருந்தார். பின்னால் அமெரிக்காவின் ஜனாதிபதியாகப் போகிறவர். அவர் 1774 ஜனவரியில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அடுத்த ஜில்லாச் சிறையில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் மதக் கருத்தைச் சொன்ன குற்றத்துக்காக அடைபட்டிருப்பதைக் குறிப்பிட்டுப் பொருமியிருக்கிறார். அந்தப் பொருமல் வீண் போகவில்லை.

கல்பெப்பரிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் சார்லட்ஸ்வில். ஊருக்கு வெளியே ஒரு குன்று. அதன் உச்சியில் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்ஸன் தமக்கென்று கட்டிக்கொண்ட மான்டிசெல்லோ மாளிகை. அழகான வீடுதான். ஆனால் அதைக் கட்டியவர்களும், அதன் அடுப்பை எரித்தவர்களும் அடிமைகள். வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர், 'எல்லா மனிதரும் சமம்' என்று எழுதினார். வழிகாட்டி அம்மாள் இதை மறைக்காமல் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது.

குன்றின் சரிவில் அவருடைய சமாதி. கல்லில் எதைப் பொறிக்கவேண்டும் என்று அவரே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஜனாதிபதியாக இருந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. மூன்றே மூன்று விஷயங்கள்: சுதந்திரப் பிரகடனம் எழுதியது, வர்ஜீனியாவின் மத சுதந்திரச் சட்டம் எழுதியது, வர்ஜீனியா சர்வகலாசாலையைத் தோற்றுவித்தது. அந்த நடு விஷயம்தான் நமக்கு வேண்டியது. ஜெபர்ஸன் எழுதிய அந்தச் சட்டத்தை, சபையில் வாதாடி 1786 ஜனவரி 16-ல் நிறைவேற்றி வைத்தவர் மாடிஸன். மத நம்பிக்கைக்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது, எந்தச் சபைக்கும் கட்டாய வரி கூடாது என்பது அதன் சாரம். இதற்காகக் கையெழுத்து வேட்டை நடத்தி மனு மேல் மனுவாக அனுப்பியவர்கள் யார் தெரியுமா? பாப்டிஸ்டுகள்! நாஸ்திகர்கள் அல்ல, பக்திமான்கள். சர்க்கார் கை வைத்தால் மதம் கெட்டுப் போகும் என்பது அவர்களுடைய பயம்.

இந்த இடத்தில் ஒரு பாலாடைக் கட்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என்னை நீங்கள் மன்னிக்கமாட்டீர்கள்.

ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் பிரசங்கி வர்ஜீனியாவில் பல வருஷம் இருந்துவிட்டு, மாஸசூஸெட்ஸ் மாகாணத்துச் செஷயர் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஜெபர்ஸன் ஜனாதிபதியானதில் அவருக்கு ஆனந்தம். 1801-ல் ஊர்ப் பெண்களை எல்லாம் கூட்டி, ஊர்ப் பசுக்களின் பாலை எல்லாம் சேர்த்து, ஒரே ஒரு சீஸ் செய்ய வைத்தார். சுமார் 900 பசுக்களின் பால் என்று கணக்கு. அதை அமுக்கிப் பிழிய, ஆப்பிள் ரசம் பிழிகிற பெரிய யந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். எடை 1,235 ராத்தல்! எதிர்க் கட்சிக்காரர்களின் பசுவிலிருந்து ஒரு சொட்டுப் பாலும் சேர்க்கவில்லை என்று பெருமை வேறு. படகிலும் வண்டியிலுமாக அது வாஷிங்டன் போய், 1802 ஜனவரி முதல் தேதியன்று ஜனாதிபதி மாளிகையில் இறங்கியது. ஜெபர்ஸன் இனாம் வாங்குவதில்லை என்று 200 டாலர் கொடுத்தார்.

அதே நாள், அதே மேஜையில், கனெக்டிகட் மாகாணத்தின் டான்பரி வட்டார பாப்டிஸ்டுகளுக்கு ஜெபர்ஸன் ஒரு கடிதமும் எழுதினார். திருச்சபைக்கும் ராஜாங்கத்துக்கும் நடுவே ஒரு மதிற்சுவர் இருக்கவேண்டும் என்ற புகழ் பெற்ற வாசகம் அதில்தான் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து, சீஸ் கொண்டுவந்த லேலண்ட் பிரதிநிதிகள் சபையில் பிரசங்கம் செய்தார். ஜெபர்ஸனும் போய் உட்கார்ந்து கேட்டார். ஆக, மதிலைக் கட்டிய அன்றே அதில் ஒரு திட்டிவாசலும் இருந்திருக்கிறது.

மறுபடியும் சாலை. சார்லட்ஸ்வில்லுக்குத் தெற்கே மேடும் பள்ளமுமாகப் போகிறது. மாலைக்குள் லிஞ்ச்பர்க். ஜேம்ஸ் நதிக் கரையில் ஏழு குன்றுகள்மேல் ஏறி இறங்கும் ஊர். ஒரு காலத்தில் புகையிலை வியாபாரத்தில் கொழித்தது. வேடிக்கை என்னவென்றால், மத சுதந்திரச் சட்டம் பிறந்த அதே 1786-ம் வருஷம்தான் இந்த ஊரும் முறைப்படி ஊரானது. மதிற்சுவரை எதிர்த்து மிகப் பலமாகக் குரல் கொடுத்தவரும் இந்த ஊரில்தான் பிறந்தார்.

அவர் பெயர் ஜெர்ரி பால்வெல். 1933-ல் பிறந்தவர். தகப்பனார் மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சாராயம் விற்றுப் பணம் சேர்த்தவர், குடியாலேயே மாண்டவர். பிள்ளை பாதிரியாராகி, 1956-ல் 35 பேரோடு, ஒரு பழைய சோடா பாக்டரிக் கட்டடத்தில் ஒரு சபை ஆரம்பித்தார். அந்தப் பாக்டரியின் பெயர் 'டொனால்டு டக்'. நம் குழந்தைகளுக்குத் தெரிந்த அதே வாத்து! அதே வருஷம் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பேசத் தொடங்கிவிட்டார். 1959-ல் குடிகாரர்களைத் திருத்த ஒரு விடுதி திறந்தார். தகப்பனாரை நினைத்துத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த நாட்களில் அரசியல் அவருக்கு ஆகாத பண்டம். 1965 மார்ச் 21-ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் நீக்ரோ மக்களின் ஓட்டுரிமைக்காக ஸெல்மாவிலிருந்து நடக்கத் தொடங்கினார். அன்று மாலையே பால்வெல் பிரசங்கம் செய்தார்: பாதிரியாரின் வேலை ஆத்துமாக்களை ரக்ஷிப்பது, ஊர்வலம் போவது அல்ல என்று. இரண்டு வருஷம் கழித்து, 1967-ல் அவர் சபை ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கான தனிப் பள்ளி என்றே உள்ளூர்ப் பத்திரிகை அதை வர்ணித்தது. கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்கவேண்டும் என்று கோர்ட்டு சொல்லியிருந்த காலம் அது.

பிற்காலத்தில் பால்வெல் தம் பழைய நிற வேற்றுமைப் பேச்சுக்களைத் தவறு என்று கைவிட்டார். அதையும் சொல்லவேண்டும்.

அதே ஊரில் கோர்ட் தெருவில் இன்னொரு பாப்டிஸ்ட் கோயில் இருக்கிறது. கறுப்பின மக்களுடையது. அங்கே வெர்னன் ஜான்ஸ் என்ற பாதிரியார் இருந்தார். கிங்குக்கு முன் மான்ட்கோமரி சபையில் போதகராக இருந்தவரும் அவரே. அவருடைய சகோதரர் மகள் பார்பரா ஜான்ஸ், ஐம்பது மைல் தள்ளி பார்ம்வில்லில் படித்த பதினாறு வயதுப் பெண். தார்க் காகிதக் கொட்டகையில் பாடம் நடத்தும் பள்ளியைக் கண்டு பொறுக்காமல் 1951 ஏப்ரலில் மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்துவிட்டாள். தலைமையாசிரியரைப் பொய் டெலிபோன் பண்ணி வெளியே அனுப்பிவிட்டுத்தான் கூட்டமே கூட்டினாளாம்! அவள் தொடங்கியது 1954-ம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் சேர்ந்தது. அந்த ஜில்லாக்காரர்களோ, குழந்தைகளைச் சேர்த்து உட்கார வைப்பதைவிட, 1959 முதல் ஐந்து வருஷம் பொதுப் பள்ளிகளையே மூடிவிட்டார்கள். அதே பைபிள், அதே முழுக்கு ஞானஸ்நானம், இரண்டு கோயில்கள். இன்றளவும் ஓட்டுப் பெட்டியில் அவை நேர் எதிராகவே விழுகின்றன. ஆகவே, 'சுவிசேஷக்காரர்கள் இன்னாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள்' என்று பத்திரிகையில் படித்தால், வெள்ளைக்காரச் சுவிசேஷக்காரர்கள் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இரவு நாங்கள் தங்கியது எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாளின் வீட்டில். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், விதவை. மாடி அறையை வழிப்போக்கர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். தெற்கத்தி உபசாரம் என்றால் என்ன என்று அன்று தெரிந்துகொண்டேன். என்னை 'ஹனி' என்றுதான் கூப்பிட்டார். கூடத்தில் பில்லி கிரஹாம் படம் மாட்டியிருந்தது. அவர் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார் என்றேன். அவ்வளவுதான், இரவு பதினோரு மணிவரை பேச்சு.

"நாங்கள் அரசியலுக்குப் போகவில்லை, ஹனி. அரசியல்தான் எங்கள் சமையலறைக்குள் வந்தது" என்றார்.

அவர் சொன்ன கணக்கு இது. 1962-லும் 1963-லும் பொதுப் பள்ளிகளில் சர்க்கார் நடத்தும் பிரார்த்தனையும் பைபிள் வாசிப்பும் கூடாது என்று தீர்ப்பு. 1973-ல் கருச்சிதைவுக்கு அனுமதி. 1978-ல், நிற வேற்றுமை பார்க்கும் தனிப் பள்ளிகளின் வரிச் சலுகையை எடுக்க வரி இலாகா விதி கொண்டுவரப் பார்த்தது. ஒவ்வொன்றும் தங்கள் குழந்தைகளைக் குறிவைத்ததாகவே அவர்களுக்குத் தோன்றியது.

இந்த வரிசையில் எது முதல் காரணம் என்று சரித்திராசிரியர்கள் சண்டை போடுகிறார்கள். தெற்கத்தி பாப்டிஸ்ட் மகாசபையே 1971-ல், சில சந்தர்ப்பங்களில் கருச்சிதைவை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. எனவே, ஆரம்பத்தில் அவர்களைக் கிளப்பிவிட்டது பள்ளிக்கூட வரி விவகாரமே என்பது சிலர் கட்சி. எனக்கும் அதில் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த அம்மாளிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவர் பதினைந்து வருஷமாக ஒவ்வொரு வாரமும் கதியற்ற கர்ப்பிணிப் பெண்களுக்குக் குழந்தைத் துணி தைத்துக் கொடுக்கிறவர். அவருக்கு அது வரி விவகாரமல்ல.

1976-ல் ஜிம்மி கார்ட்டர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி வாத்தியார்; மறுபடியும் பிறந்தவன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். சுவிசேஷக்காரர்களில் நிரம்பப் பேர் சந்தோஷமாக அவருக்குப் போட்டார்கள். நாலே வருஷத்தில் அவரைக் கைவிட்டு, மணவிலக்குப் பெற்ற சினிமா நடிகர் ரீகனிடம் போனார்கள். நடுவில் நடந்தது என்ன? 1979-ல் பால்வெல், 'ஒழுக்கமுள்ள பெரும்பான்மை' என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார். ஊர்வலம் போகாதே என்று சொன்னவர், மாகாணம் மாகாணமாகக் கூட்டம் போட்டார். அதே வருஷம் கலிபோர்னியாவில் பெவர்லி லஹே என்ற பாதிரியார் மனைவி, பெண்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். வீட்டுக்கு வீடு ஜபக் குழு. ஜபம் முடிந்ததும் சட்டசபை அங்கத்தினருக்குக் கடிதம். தபால் தலை ஒட்டும் வேலையை வீட்டுப் பெண்கள் செய்தார்கள். அமெரிக்க அரசியல் பண்டிதர்கள் இதைத் தாமதமாகத்தான் கவனித்தார்கள். சமையலறையில் நடப்பதைப் பண்டிதர்கள் எந்த நாட்டில்தான் முதலிலேயே கவனித்தார்கள்?

இயக்கத்தின் உறுப்பினர் சீட்டு ஒன்று, எதிர்க் கொள்கையின் தலைவரான எட்வர்ட் கென்னடிக்கே தவறுதலாகத் தபாலில் போய்விட்டது. அதைச் சாக்கிட்டு அழைப்பும் போயிற்று. 1983 அக்டோபரில் கென்னடி லிஞ்ச்பர்க்குக்கே வந்து, பால்வெல்லின் கல்லூரியில் சகிப்புத் தன்மையைப் பற்றிப் பேசினார். மாணவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். அந்த அம்மாளும் கூட்டத்தில் இருந்தாராம். "நல்ல பேச்சு. ஓட்டுப் போடமாட்டேன், ஆனால் நல்ல பேச்சு" என்றார்.

கூடத்துப் படத்திலிருந்த பில்லி கிரஹாமோ வேறு பாடம் கற்றிருந்தார். நிக்ஸனிடம் நெருங்கிப் பழகி, வாட்டர்கேட் நாடாக்களில் அவர் பேசியதைப் படித்து நொந்து போனவர் அவர். 1981-ல் ஒரு பேட்டியில், தீவிர மதவாதிகளுக்கும் வலதுசாரி அரசியலுக்கும் கலியாணம் நடந்தால் தமக்குக் கவலைதான் என்று சொன்னார். கலியாணம் நின்றபாடில்லை.

மறு நாள் மலைமேல் உள்ள லிபர்டி சர்வகலாசாலையைச் சுற்றிப் பார்த்தோம். 1971-ல் சிறு கல்லூரியாகத் தொடங்கியது. இப்போது ஒரு நகரம் மாதிரி. மலைச்சரிவில் பெயரின் முதலெழுத்துக்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அருகிலேயே, ஒரு டெலிபோன் கம்பெனியின் பழைய தொழிற்சாலைக்குள் 2006-ல் குடிபோன பால்வெல்லின் சபை. மறு வருஷம் அவர் காலமானார். 2015-ல் டெட் குரூஸ் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிடுவதை அறிவித்தது இந்த மலையில். சோஷலிஸ்டான பெர்னி ஸாண்டர்ஸும் அதே வருஷம் வந்து பேசினார். 2016 ஜனவரியில் டிரம்ப் வந்தார். பால்வெல்லின் மகன் அவரை ஆதரித்தார். பிறகு 2020-ல் அந்த மகன் சர்ச்சைகளுக்கிடையே சர்வகலாசாலைத் தலைமையிலிருந்து விலக நேர்ந்தது வேறு கதை. 2016 தேர்தலில் வெள்ளைக்காரச் சுவிசேஷக்காரர்களில் பத்தில் எட்டுப் பேர் டிரம்புக்கு ஓட்டளித்ததாக வாக்குச்சாவடிக் கணக்கெடுப்பு சொல்லிற்று. மூன்று முறை மணம் செய்துகொண்ட சூதாட்ட விடுதி முதலாளிக்கு! அவர்களுக்கு அதற்குப் பலனும் கிடைத்தது. அவர் நியமித்த மூன்று நீதிபதிகளும் சேர்ந்தே, 2022 ஜூனில், 1973-ம் வருஷத்துக் கருச்சிதைவுத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது.

"அப்படியானால் நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது, இல்லையா?" என்று அன்று மாலை அம்மாளிடம் கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"கிடைத்தது. ஆனால் என் பெண் 2016-லிருந்து கோயிலுக்கு வருவதில்லை. 'நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் கடைப்பிடிக்கிறேன், அம்மா. அங்கே இருக்கிறவர்கள்தான் மாறிவிட்டார்கள்' என்கிறாள். யேசுவை விடவில்லை. எங்களைத்தான் விட்டாள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"எட்டு மாதம் பேசாமல் இருந்தேன். அவ்வளவு முட்டாள்தனம் செய்தேன்."

அடுத்த நாள் ஞாயிறு. அம்மாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். நாங்கள் புறப்படுகிறோம் என்றால் கேட்கவில்லை, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். நான் சைவம் என்பதற்காக உருளைக்கிழங்கு, பீன்ஸ், சோள ரொட்டி என்று தனியாகச் செய்திருந்தார். ஒரு மணிக்கு மகள் வந்தாள், கையில் ஒரு பீச் பழப் பணியாரத் தட்டுடன். நாற்பது வயது இருக்கும், ஆஸ்பத்திரியில் நர்ஸு. தாயும் மகளும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். அரசியல் பேசுவதில்லை என்று இருவருக்கும் ஒப்பந்தமாம். வெள்ளிக்கிழமை இரவே எங்களுக்குச் சொல்லி எச்சரித்திருந்தார்.

எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கையைக் கோத்துக்கொண்டோம். அங்கே சாப்பிடுமுன் யாராவது ஒருவர் ஜபம் சொல்லவேண்டும். வழக்கமாக அந்த அம்மாள்தான் சொல்வார் போலிருக்கிறது. அன்று மகளைப் பார்த்து, "நீ சொல்லேன், கண்ணு" என்றார்.

மகள் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்ணை மூடி, இந்தச் சாப்பாட்டுக்காகவும், இதைச் சமைத்த கைகளுக்காகவும், தூரத்திலிருந்து வந்திருக்கிறவர்களுக்காகவும் நன்றி சொன்னாள். நாலே வரி. ஆமென் என்றோம், நானும் சொன்னேன்.

அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "உருளைக்கிழங்கில் உப்புப் போதுமா, பாருங்கள்" என்றார்.